கொம்பும் காலும்

உங்களுக்குத் தோளா? எனக்கு முட்டு. ரெண்டு முட்டும்தான், ஆனா வலதுதான் ரொம்ப மோசம். உக்காருங்க, இப்போதைக்குக் கூப்புட மாட்டாங்க. வலிக்குக் கரண்டு வைக்கிற மெஷின் ஒண்ணுதான் இருக்கு, உள்ள ஏற்கெனவே நாலு பேரு காத்துக் கெடக்காங்க. போன வாரம் நான் உள்ள போகவே பதினோரு மணி ஆயிட்டு.

ஆமா, டீச்சர்தான். எல்லாரும் கண்டுபிடிச்சிருதாங்க. முப்பத்திரண்டு வருசம் சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை இப்படி ஆயிட்டு. வர்ற மே மாசத்தோட ரிட்டயர்டு. சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரு, சொன்னாத் தெரியாது, தறிக்காரங்க ஊரு. ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி. நானும் இன்னொரு டீச்சரும், ரெண்டே பேரு. ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் அவங்க. நாலும் அஞ்சும் எனக்கு. எச்.எம். வேலையும் எனக்கு. ஒரே ரூமுல ரெண்டு வகுப்பு, பத்தொன்பது பிள்ளைங்க.

அதுல ஒருத்தி போன மாசம் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா. அவளாப் போகல, அவ அம்மா வந்து வாங்கிட்டுப் போனா. அதுதான் மனசுல கெடந்து உறுத்துது. நான் என்ன கொறை வச்சேன்னு எனக்கு இன்னும் தெரியல. வீட்ல சொன்னா, விடுங்க, ரிட்டயர்டு ஆகப்போற நேரத்துல என்னன்னு சொல்லுதாங்க. கூட வேலை பாக்குற டீச்சர்ட்ட சொன்னா, அவங்க சிரிச்சுக்கிட்டுப் போயிருதாங்க. நீங்க வெளி ஆளு. கேட்டுட்டு நீங்க சொல்லுங்க.

அந்தப் பிள்ளை பேரு முப்பிடாதி. இந்தக் காலத்துல யாரு அந்தப் பேரு வைக்கா? குலசாமி பேரு, நேந்துக்கிட்டாங்களாம். வகுப்புல முப்பின்னுதான் கூப்புடுவாங்க. அவ அம்மா செண்பகம் தறி ஓட்டுதா. அப்பன் கேரளாவுல வேலைக்குப் போனவன், எப்பவாவது வருவான். இந்தப் பிள்ளை இருக்கே, உக்காராது. உக்காரவே உக்காராது பாத்துக்கிடுங்க. சேட்டை இல்ல. யாரையும் அடிக்காது, பொய் சொல்லாது. ஆனா ஒரு எடத்துல இருக்காது. பெஞ்சுல உக்கார வச்சா முட்டி போட்டு நிக்கும். கீழ உக்கார வச்சா கால் ரெண்டும் ஆடிக்கிட்டே இருக்கும். நாலாவது வந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியல. க, ச, டன்னு தனி எழுத்தெல்லாம் தெரியும். 'கொக்கு'ன்னு எழுதிக் காட்டுனா, 'கெ… ர… க்… கு'ன்னு படிக்கும். துணைக்கால் 'ர' மாதிரித்தானே இருக்கு, அத 'ர'ன்னே படிக்கும். மூணு வருசமா அப்படித்தான் படிச்சிருக்கு.

நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். முன்னால உக்கார வச்சேன், பக்கத்துல உக்கார வச்சேன். மடியில சிலேட்டை வச்சுக் கீழ விழாமப் பாத்துக்கோன்னேன். சிலேட்டுதான் ஒடஞ்சுது. அடிக்கக் கூடாதுன்னு இப்ப சட்டம் இருக்கு. நானும் அடிக்கிற ஆளு இல்ல. எப்பவாவது கோபம் வந்தா, பின்னால போயிச் சுவரைப் பாத்து நில்லுன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்.

போன வருசம் ஜூலையில எங்களுக்கு ஒரு பயிற்சி போட்டாங்க. மூணு நாளு. பிள்ளைங்கள உக்கார வச்சே படிப்பு சொல்லிக் குடுக்காதீங்க, ஓட விடுங்க, குதிக்க விடுங்க, ஒடம்பு அசைஞ்சாத்தான் மூளை அசையும்னு. அமல்ராஜ்னு ஒரு தம்பி, என் மகன் வயசு இருக்கும், அவன்தான் நடத்துனான். அம்பது வயசுப் பொம்பளைங்க சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஏழு, பதினாலு, இருபத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டு தவளை மாதிரித் தாவுதோம். சன்னல் வழியா டீக்கடைக்காரன் பாத்துக்கிட்டு நிக்கான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. முட்டு வலின்னு சொல்லி ஓரமா உக்காந்துட்டேன். மூணு நாளும் உக்காந்தே இருந்தேன். பள்ளிக்கூடம் வந்து பயிற்சி நோட்டுல 'வகுப்பறையில் செயல்படுத்தப்பட்டது'ன்னு எழுதிட்டேன். எல்லாரும் எழுதுறதுதான்.

ஆகஸ்டு மாசம்னு நெனைக்கேன். முப்பி அன்னைக்கு ரொம்ப ஆட்டம். போயிச் சுவரைப் பாத்து நில்லுட்டீன்னு சொல்லிட்டேன். மத்த பிள்ளைங்க 'க, கா, கி, கீ'ன்னு வரிசை சொல்லிக்கிட்டு இருக்காங்க. நாலாவதுல எதுக்கு இதுன்னு கேப்பீங்க. பாதிப் பேருக்குத் தெரியாதே, என்ன செய்ய. நான் சேர்ல உக்காந்து வருகைப் பதிவு போட்டுக்கிட்டு இருந்தவ நிமிந்து பாக்கேன், இவ சுவரைப் பாத்து நின்னுக்கிட்டே ஒடம்ப என்னமோ செய்யுதா. 'கா'ன்னு பிள்ளைங்க சொன்னா வலது காலை நீட்டுதா. 'கி'ன்னா வலது கையைத் தலைக்கு மேல வளைக்கா. 'கு'ன்னா பாதி குனியுதா, 'கூ'ன்னா முழுசாக் குந்துதா. 'கெ'ன்னா எடது கையை முறுக்கித் தலையோரம் வைக்கா, மாட்டுக் கொம்பு மாதிரி.

ஏட்டி, என்ன ஆட்டம் அங்கன்னு கேட்டேன். பயந்துட்டா. அப்புறம் சொன்னா: "நீங்கதானே டீச்சர் எழுத்துக்குக் காலு, கொம்புன்னு சொன்னீங்க. நான்தான் 'க'. காலை நீட்டுனா 'கா'. கொம்பு வச்சா 'கெ'. ரெண்டும் வச்சா 'கொ'."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புன்னு நாம எல்லாரும் சின்ன வயசுல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். நமக்கு அது வெறும் பேரு. இந்தப் பிள்ளை அது நெசமான காலு, நெசமான கொம்புன்னு எடுத்துக்கிட்டுது. சரி, போர்டுல இருக்கிறதப் படின்னு 'கொக்கு'ன்னு எழுதினேன். அவ போர்டைப் பாத்தா, எடது கையில கொம்பு வச்சா, வலது காலை நீட்டுனா, "கொ"ன்னா. அப்புறம் உச்சந்தலையில விரலை வச்சு "க்"ன்னா, புள்ளியாம். பாதி குனிஞ்சு "கு". 'ர' வரவே இல்ல. மூணு வருசமா வந்த 'ர', அன்னைக்கு வரல.

அதுக்கப்புறம் நான் அத ஒரு முறையாக் கொண்டுவந்தேன். பிள்ளை ஏதோ வெளையாட்டுக்குச் செஞ்சது, அத ஒழுங்குபடுத்தி வகுப்புக்குக் கொண்டுவந்தது யாரு? நான்தானே. எல்லாப் பிள்ளைங்களும் போர்டைப் பாத்துத்தான் நிக்கணும்னு ஒரு விதி வச்சேன், இல்லாட்டி எடது வலது மாறிப் போயிரும். 'கே'க்கு ரெண்டு விரலால கொம்பு. 'கௌ'வுக்கு ஒரு ஆளு பத்தாது, பக்கத்துல இன்னொரு பிள்ளை வந்து 'ள'வா நிக்கணும். அதுக்கு எப்பவும் சண்டை, நான் நிக்கேன் நான் நிக்கேன்னு. அப்புறம் சொல்லுக்கு வந்தோம். 'வெண்டைக்காய்'னா ஆறு பிள்ளைங்க வரிசையா நிப்பாங்க. ஒருத்தன் கொம்ப மறந்தா பக்கத்துல நிக்கிறவ முழங்கையால இடிப்பா. ரெண்டு மாசத்துல என் வகுப்புல எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, அதுவும் அடிக்கடி லீவு போடுற பிள்ளை. நான் சேர்ல உக்காந்து சொல்லைச் சொல்லுவேன், முப்பிதான் முன்னால நின்னு நடத்துவா. எனக்கு முட்டு இருக்குல்லா, நான் எங்க குந்தி எந்திரிக்க.

பொய் சொல்லக் கூடாது, அந்த ரெண்டு மாசம் எனக்கு அலுப்பே தெரியல. காலையில பஸ்ஸுல வரும்போதே இன்னைக்கு என்ன சொல்லு குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு வருவேன். முப்பத்திரண்டு வருசத்துல அப்படி எத்தனை நாளு இருந்திருக்கும்னு நெனைக்கீங்க?

நவம்பர்ல அந்த அமல்ராஜ் தம்பி எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பாத்துட்டு அசந்து போயிட்டான். போன்ல வீடியோ எடுத்து எல்லா குரூப்புலயும் போட்டான். எனக்குப் போன் மேல போன். எப்படி டீச்சர் இப்படி யோசிச்சீங்கன்னு. யோசிச்சு யோசிச்சு வந்ததுதான்னு சொன்னேன். முப்பி பேரைச் சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன்.

இது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

ஜனவரியில பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தெறந்த வாரம், ஆபீசர் வாராருன்னு முந்தின நாளு சொல்லி விட்டாங்க. புதுசா வந்தவரு. ரொம்பக் கண்டிப்புன்னு பேரு. பக்கத்து ஊருல போயி, வகுப்பு சந்தை மாதிரி இருக்குன்னு அந்த எச்.எம்.ம பிள்ளைங்க முன்னாலயே ஏசிட்டாராம். எனக்கு ரிட்டயர்டு ஆக ஒண்ணரை வருசம்கூட இல்ல. இத்தனை வருசத்துல ஒரு மெமோ வாங்கினது இல்ல. அதனால பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சேன், நாளைக்கு ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது, கொம்பு காலெல்லாம் நாளைக்கு வேண்டாம், கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்கன்னு. முப்பியத் தனியாக் கூப்புட்டும் சொன்னேன். சரி டீச்சர்னா.

வந்தாரு. நோட்டெல்லாம் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. கெளம்பப் போற நேரத்துல திரும்பி, முன் வரிசையில இருந்த முப்பியப் பாத்து, நீ எந்திரிச்சு இதப் படின்னு புத்தகத்தைக் குடுத்தாரு. பத்தொன்பது பேருல அவளையா கூப்புடணும்?

அவ எந்திரிச்சா. புத்தகத்தை ஒரு கையில புடிச்சிருக்கா. மொத வரியில ரெண்டு சொல்லு கை அசைக்காமப் படிச்சுட்டா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். மூணாவது சொல்லுல ஒரு 'தோ' வந்துட்டு. நிறுத்திட்டா. ஒதட்டைக் கடிச்சா. அப்புறம் எடது கை தன்னால மேல போயிட்டு, ரெண்டு விரலு கொம்பு. வலது காலு நீண்டுட்டு. "தோட்டம்"னு படிச்சா. அதோட விடாம அந்தப் பத்தி பூராவும் அப்படியே கையைக் காலை வச்சுப் படிச்சு முடிச்சா. ஒரு தப்பு இல்ல.

ஆபீசர் அவளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கோபம்லாம் இல்ல. ஒரு மாதிரி பாவமாப் பாத்தாரு. என் பக்கம் திரும்பி, "இந்தப் பிள்ளைக்கு ஏதாவது குறை இருக்கா டீச்சர்?"னு கேட்டாரு.

"கொஞ்சம் அப்படித்தான் சார்"னு சொன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? அவரு கெளம்புற அவசரத்துல இருக்காரு. கொம்பு, காலு, போர்டைப் பாத்து நிக்கணும்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சா அவருக்கு என்னன்னு புரியும்? வகுப்புல ஆட்டம் போட விடுதீங்களான்னு கேட்டா? நான் ஒரு வார்த்தையில முடிச்சுட்டேன். அவரு உடனே நோட்டை எடுத்து, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைன்னு எழுதி, அடுத்த மாசம் டாக்டருங்க பாக்குற முகாம் இருக்கு, அனுப்பி வச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எழுதுவாருன்னு நான் கண்டேனா? சும்மா தலையாட்டிட்டுப் போவாருன்னு நெனச்சேன்.

மறுநாளு 'மீன் தொட்டி'ன்னு சொல்லு குடுத்து, முப்பி வந்து நடத்துட்டீன்னேன். வரல. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. படின்னா படிக்கல. சரி, ஒரு நாளு விட்டுப் பிடிப்போம்னு விட்டேன். ஒரு வாரமாச்சு. கட்டுன கைய எடுக்கல. வாழ்க்கையில ஒரு நிமிசம் அசையாம உக்காராத பிள்ளை, கல்லு மாதிரி உக்காந்திருக்கு. எனக்கே பாக்கச் சங்கடமாத்தான் இருந்துச்சு. அவ நடத்தாம மத்த பிள்ளைங்களுக்கும் அந்த ஆட்டம் சப்புன்னு போயிட்டு, ஒண்ணொண்ணா விட்டுட்டாங்க. நானும் பழையபடி போர்டுல எழுதிப் போட ஆரம்பிச்சுட்டேன்.

இதுல இன்னொண்ணு. பிள்ளைங்க அவளுக்கு ஒரு பட்டப்பேரு வச்சிருக்காங்க. 'கொஞ்சம் அப்படித்தான்'னு. ஏய், கொஞ்சம் அப்படித்தான், தண்ணி எடுத்துட்டு வான்னு ஒருத்தன் கூப்புடுதான், எனக்குக் காதுல விழுந்துட்டு. நல்லா ஏசி விட்டேன். எங்க இருந்துதான் இந்தப் பேச்செல்லாம் புடிக்குமோ இதுங்க. வீட்ல பேசுறதக் கேட்டுட்டு வந்திருக்கும்.

ஒரு நாளு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவளத் தனியாக் கூப்புட்டேன். யாரும் இல்ல, ஆபீசரும் இல்ல, இப்ப எனக்கு மட்டும் படிச்சுக் காட்டு, கையைக் காலை எப்படி வேணும்னாலும் ஆட்டிக்கோன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கா. அப்படியே சொல்லுதா: "வேண்டாம் டீச்சர். உங்களுக்குக் கெட்ட பேரு வரும்."

பாருங்களேன், எவ்வளவு பாசம்னு. பெத்த பிள்ளைகூட அப்படி நெனைக்காது.

அப்புறம் முகாமுக்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரம் வந்துச்சு. செண்பகம் வந்தா. அவளப் பத்தி ஒண்ணு சொல்லணும், தறிச் சத்தத்துல வேலை பாத்துப் பாத்து அவ எப்பவும் ஓங்கித்தான் பேசுவா. தெருமுனையில நின்னு பேசினாலே பள்ளிக்கூடத்துக்குள்ள கேக்கும். அன்னைக்கு அவ பேசுனது எனக்கே சரியாக் கேக்கல. என் பிள்ளைக்கு என்ன டீச்சர்னு கேட்டா. ஒண்ணும் இல்ல செண்பகம், சும்மா ஒரு நடைமுறைதான், டாக்டரு பாத்துட்டு நல்லா இருக்கான்னு எழுதிருவாங்கன்னேன். அவ ஃபாரத்தைக் கையில வச்சுக்கிட்டே சொல்லுதா, வீட்ல தறிப் பக்கத்துல நின்னுக்கிட்டு, கடைப் போர்டு, சோப்புக் கவர்னு எதக் கண்டாலும் கையைக் காலை வச்சுப் படிப்பா டீச்சர், இப்பச் சோறு திங்கும்போதுகூட ஒரு கையை மடியில வச்சு அமுக்கிக்கிடுதான்னு. கையெழுத்துப் போட்டா. நானும் கூட வாரேன் முகாமுக்குன்னு சொன்னேன். எந்த டீச்சரு வருவா சொல்லுங்க? ஒரு நாளு லீவு போட்டுட்டுப் போனேன்.

டவுன்ல ஒரு பெரிய ஹால்ல நடந்துச்சு. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க. நல்ல குணம். முப்பிகிட்ட படம் காட்டுதாங்க, அட்டை காட்டுதாங்க. இவ கையைக் கட்டிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருக்கா. வாயத் தெறக்கல. பேரு என்னன்னு கேட்டா, அதுக்கும் பதில் இல்ல. அந்தம்மா ரெண்டு தடவை, மூணு தடவை கேட்டுட்டு, பேனாவ எடுத்து எழுதப் போறாங்க. செண்பகம் சுவரோரமா நிக்கா. அழல. சேலைத் தலைப்ப வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நிக்கா.

எனக்கு என்ன தோணுச்சுன்னே தெரியல. எந்திரிச்சேன். டாக்டரம்மாவுக்கும் முப்பிக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பாத்து நின்னேன். எடது கையை முறுக்கித் தலையோரம் வச்சேன், வலது காலை நீட்டுனேன். ஹால்ல நூறு பேரு இருப்பாங்க. எல்லாரும் பாக்குறது எனக்கு முதுகுலயே தெரியுது. அம்பத்தெட்டு வயசுல கொம்பு வச்சுக்கிட்டு நிக்கேன்.

நான் காலை நீட்டிக்கிட்டே நிக்கேன். அப்புறம் பின்னால இருந்து மெதுவா, "கொ".

சரின்னு அடுத்த எழுத்துக்குப் போனேன். 'கூடு'ன்னு ஒரு சொல்லு காட்டலாம்னு நெனச்சேன், புத்தி எங்க போச்சோ. 'கூ'வுக்கு முழுசாக் குந்தணுமே. குந்திட்டேன். அவ "கூ"ன்னு சொல்லிட்டா, நல்லாச் சத்தமாவே சொன்னா. எனக்கு எந்திரிக்க முடியல. முட்டுல ஏதோ சடக்குன்னுது. அப்படியே சுவரைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். இந்தா, இந்த வலது முட்டு, அன்னைக்குப் போனதுதான்.

முப்பி ஸ்டூல்ல இருந்து குதிச்சு ஓடி வந்தா. ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் செண்பகம், தூக்கி நிறுத்துனாங்க. டீச்சர், 'டு'வுக்கு நான் குனியுதேன், நீங்க உக்காருங்கன்னா. அவளே 'டு' போட்டுக் காட்டுனா. அந்த டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. ஏளனமா இல்ல, சந்தோசமாத்தான் சிரிச்சாங்க. அப்புறம் அட்டையெல்லாம் ஒண்ணொண்ணாக் காட்டக் காட்ட, இவ கையைக் காலை வீசிக்கிட்டு எல்லாத்தையும் படிச்சுத் தள்ளிட்டா. அந்தம்மா எழுதுனதை அடிச்சுட்டு, குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க.

குடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டாங்க. "இவ்வளவு நல்லாப் படிக்கிற பிள்ளைக்குக் குறை இருக்குன்னு யாரு சொன்னது?"

செண்பகம் என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரியும். பிள்ளைங்க போயி வீட்ல எல்லாத்தையும் சொல்லிருதுங்கல்லா. முப்பியும் பாத்தா.

நான் முட்டைத் தேச்சுக்கிட்டே, ஆபீசர் வந்திருந்தாங்க, அவங்க எழுதிட்டாங்கன்னு சொன்னேன். பொய் இல்ல பாத்துக்கிடுங்க. எழுதினது அவருதான். என் கையெழுத்து அதுல எங்கயும் கெடையாது.

அந்தம்மா சரின்னு தலையாட்டிட்டு அடுத்த பிள்ளையக் கூப்புட்டுட்டாங்க. திரும்பி வரும்போது பஸ் காலியாத்தான் இருந்துச்சு. என் பக்கத்துல எடம் இருந்துச்சு. அவளும் பிள்ளையும் மூணு சீட்டு முன்னால போயி உக்காந்துக்கிட்டாங்க. நான் காலை நீட்டிக்கிடட்டும்னு நெனச்சிருப்பா.

அதுக்கப்புறம் முப்பி பள்ளிக்கூடத்துல மறுபடியும் படிக்க ஆரம்பிச்சா. முன்ன மாதிரி முன்னால வந்து நடத்தல. ஆனா படின்னு சொன்னாப் படிப்பா. ஆண்டுத் தேர்வுல நல்ல மார்க்கு. நானும் எல்லாம் சரியாப் போச்சுன்னு நிம்மதியா இருந்தேன்.

ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்த ரெண்டாவது நாளு செண்பகம் வந்து நிக்கா. டி.சி. குடுங்க டீச்சர்னு. எதுக்குன்னேன். பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன்னா. அது மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இவ ஷிப்டுக்குப் போறவ, பிள்ளைய யாரு கொண்டு போயி விடுவா? இன்னும் ஒரே ஒரு வருசம், அஞ்சாவது இங்கயே முடிச்சா ஆறாவதுக்கு எப்படியும் வெளியதான் போகணும். அதுக்குள்ள எதுக்குன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல.

எனக்கு மனசு பொறுக்கல. கேட்டுட்டேன். ஏன் செண்பகம், நான் உன் பிள்ளைக்கு என்ன கொறை வச்சேன், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையப் படிக்க வச்சேன், லீவு போட்டு முகாமுக்கு வந்தேன், முட்டு போச்சு, எல்லாம் உன் பிள்ளைக்காகத்தானேன்னு.

அவ அப்பவும் சத்தம் போடல. "ஒரு கொறையும் இல்ல டீச்சர். படிக்க வச்சது நீங்கதான். அத எங்க கேட்டாலும் சொல்லுவேன். நீங்க அன்னைக்குக் கீழ விழுந்தத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பெறகென்னன்னேன்.

சன்னல் பக்கம் பாத்தா. அப்புறம் சொன்னா: "வீட்ல தன்னால படிக்கா டீச்சர். இங்க மட்டும், கையத் தூக்குறதுக்கு முன்னால உங்க மொகத்தப் பாக்கா. நான் சன்னல் வழியா ரெண்டு மூணு நாளு நின்னு பாத்தேன்."

அவ்வளவுதான். டி.சி.யில காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்லா, அதுல என்ன எழுதன்னு கேட்டேன். நீங்களே ஏதாவது எழுதிக்கிடுங்க டீச்சர்னா. பேனாவ வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பெறகு 'பெற்றோர் விருப்பம்'னு எழுதிக் குடுத்துட்டேன். முப்பி வரல. வாசல்ல நிப்பாளோன்னு எட்டிப் பாத்தேன், இல்ல.

அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்கான்னு சொல்லுதாங்க. அங்க இருக்குற டீச்சர் என்கிட்ட போன்ல கேட்டாங்க, இந்தக் கொம்பு காலு முறையெல்லாம் எப்படின்னு. முப்பிகிட்டயே கேளுங்கன்னு சொல்லிட்டேன். எனக்கு இப்பச் சொல்லிக் குடுக்கத் தெம்பு இல்ல.

ஆனா செண்பகம் சொன்னதுதான் எனக்குப் புரியல. பிள்ளைன்னா டீச்சர் மொகத்தப் பாக்காம வேற எங்க பாக்கும்? நானே சின்னப் பிள்ளையில எங்க டீச்சர் மொகத்தப் பாத்துத்தான் உக்காருவேன், எந்திரிப்பேன். அதுல என்ன தப்பு? அன்னைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால நின்னுகூடப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. வயசாயிருக்கு, கண்ணுக்குக் கீழ கறுத்துருக்கு, அவ்வளவுதான்.

நீங்க பாத்துச் சொல்லுங்க. இப்படி வெளிச்சத்துப் பக்கம் திரும்புதேன். ஒரு சின்னப் பிள்ளை கையத் தூக்க யோசிக்கிற மாதிரியா இருக்கு என் மொகம்?